கொல்லிமலை அன்னாசியும் சன்னல் வெளிச்சமும்

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மேலே கடைகளில் பலா, வாழை, அன்னாசி என்று குவித்து வைத்திருப்பார்கள். அந்த அன்னாசிக்கும் உணவுப் புகைப்படத்தின் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா நண்பர்களே?

இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட், 1844 முதல் 1846 வரை 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' என்ற நூலை ஆறு பகுதிகளாக வெளியிட்டார். புகைப்படங்களை ஒட்டி விற்ற ஆரம்பகால நூல்களில் அது முக்கியமானது. அதிலுள்ள 24 படங்களில் கடைசிப் படம், கூடைகளில் அடுக்கிய பழங்கள். நடுநாயகம் நம் அன்னாசி! குளிர் நாடான இங்கிலாந்தில் அது கண்ணாடி அறையில் சூடேற்றி வளர்த்த பணக்காரப் பழம். அப்போது ஒரு படம் பதிய நெடுநேரம் பிடிக்கும். பழம் அசையாது என்பது பெரிய வசதி. மின்விளக்கு கிடையாது. சூரியன்தான் விளக்கு.

பிறகு ஸ்டுடியோக்களும் பெரிய விளக்குகளும் வந்தன. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கா சென்ற நிக்கோலஸ் முரே, 1930களில் 'மெக்கால்ஸ்' பத்திரிகைக்காக விருந்து மேசைகளை வண்ணத்தில் எடுத்தார். விளம்பரங்கள் பெருகப் பெருகத் தந்திரங்களும் பெருகின. விளக்குச் சூட்டில் ஐஸ்கிரீம் உருகுகிறதா? மசித்த உருளைக்கிழங்கை உருட்டி வை! கேம்ப்பெல் நிறுவனத்தின் சூப் விளம்பரத்தில், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகுண்டுகளைப் போட்டிருந்தார்கள். காய்கறித் துண்டுகள் மேலே வந்து, சூப் கெட்டியாகத் தெரிந்தது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் இதைக் கேள்வி கேட்டது. 1970ல் அந்த நிறுவனம் இனி இப்படிச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி மலைக்குத் திரும்புவோம். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை கொல்லிமலை மக்களின் பழைய உணவு. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி காசு தந்ததால் அந்த வயல்கள் சுருங்கின. உரலில் குத்திப் புடைக்கும் வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததும் ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கு வேலை செய்து, அரவை இயந்திரங்களுக்கும் பாக்கெட்டில் அடைத்து விற்பதற்கும் வழி செய்தது. ஐ.நா. சபை 2023ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது.

பாக்கெட்டில் விற்க வேண்டுமென்றால் படம் வேண்டும். இங்கேதான் சிக்கல். கேழ்வரகுக் களி அன்னாசி போலப் பளிச்சென்று இருக்காது. செல்போன் ஃப்ளாஷை நேராக அடித்தால் வெறும் கறுப்பு உருண்டைதான். "இதையா சாப்பிடுகிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் குறை களியில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. வீட்டு விளக்குகளை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் உணவின் நிறம் கெடும். தட்டைச் சன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். களியின் மினுமினுப்பும் உருட்டிய விரல்தடமும் தெரியும். வெயில் கடுமையாக இருந்தால் சன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடலாம். எதிர்ப்பக்கம் வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். கண்ணாடி டம்ளரில் கடுங்காப்பி என்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். அப்போதுதான் அதன் செம்மை தெரியும். சாமைச் சோற்றுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் தட்டை விட மண்சட்டியும் வாழையிலையும் பொருத்தம். எவர்சில்வர் வெளிச்சத்தைத் திருப்பியடித்துக் கண்ணை இழுத்துவிடும்.

இவை எதுவும் கோலிகுண்டு அல்ல. இல்லாததைக் காட்டுவது ஏமாற்று. இருப்பதைத் தெரியும்படி காட்டுவது மரியாதை. 180 ஆண்டுகளுக்கு முன் பணக்காரப் பழத்துக்குக் கிடைத்த அதே சூரியன் நம் வீட்டுச் சன்னலிலும் வருகிறது. களிக்கும் அந்த மரியாதையைக் கொடுத்துப் பார்க்கலாமே!