ஃபெரெட் வாடை: குளிப்பாட்டினால் கூடும், துணியைத் துவைத்தால் குறையும்

கீரிப்பிள்ளை போல் நீண்ட உடல், குட்டைக் கால்கள், ஓயாத குறும்பு. ஃபெரெட்டை ஒருமுறை பார்த்த பிள்ளைகள் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிப்பதில் வியப்பில்லை. ஆனால், வாங்கி வந்த சில நாள்களிலேயே வீட்டில் கிளம்பும் புகார் ஒன்றுதான்: "என்ன இது, வீடெல்லாம் ஒரே வாடை!"

அடுக்குமாடி வீடுகளில் இது குடும்பத்தோடு முடிகிற விஷயம் அல்ல. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகளின்படி, மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லை தரும் பிராணியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்துப்பூர்வமாக அறிவித்தால் 3 நாள்களுக்குள் அதை அப்புறப்படுத்த வேண்டும். வாடையை அடக்கத் தெரியாமல் போனால், பழகிய பிராணியைப் பிரிய நேரிடும்.

வாடை எங்கிருந்து வருகிறது?

ஃபெரெட், ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து பழக்கி வளர்க்கப்பட்ட இனம். முயல் வேட்டைக்கு உதவியாக 2,000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் இதை வளர்த்து வருகிறார்கள். நீர்நாயும் இதே குடும்பம்தான். நம் ஊர் மூசாங் வேறு குடும்பம்.

இதன் உடலில் வாடைக்கு இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள சுரப்பிகள். பயந்தால் அவற்றிலிருந்து கடும் நாற்றம் வெளிப்படும். சில நிமிடங்களில் அது மறைந்துவிடும். இரண்டாவது, தோல் முழுவதும் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள். நாள்தோறும் நம் மூக்கில் ஏறுவது இந்த எண்ணெயின் வாடைதான். அது படுக்கைத் துணியிலும் கூண்டிலும் ஒட்டித் தங்கிவிடுகிறது.

ஆசனவாய்ச் சுரப்பிகளை அறுவை செய்து நீக்கினாலும் தோலின் வாடை போகாது. மருத்துவக் காரணம் இல்லாமல் இந்த அறுவையைச் செய்வதைப் பிரிட்டனில் கால்நடை மருத்துவத் துறை ஏற்பதில்லை.

அடிக்கடி குளிப்பாட்டாதீர்கள்

வாடை வந்ததும் சோப்பைக் கையில் எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. குளிப்பாட்டும்போது தோலின் எண்ணெய் போய்விடும். அதை ஈடுகட்டச் சுரப்பிகள் கூடுதலாகச் சுரக்கும். அடுத்த ஓரிரு நாள்களில் வாடை முன்னைவிட அதிகமாகும். தோலும் வறண்டு அரிப்பெடுக்கும். மாதத்திற்கு ஒருமுறைக்கு மேல் குளிப்பாட்ட வேண்டியதில்லை. உடலில் அழுக்குப் படாவிட்டால் அதுவும் தேவையில்லை.

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியவை:

• படுக்கைத் துணி, தொங்கு தொட்டில் ஆகியவற்றை வாரம் ஒருமுறையாவது வெந்நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்துங்கள். இரண்டு செட் வைத்திருந்தால் மாற்றிப் போட வசதி.

• ஃபெரெட் சாப்பிட்டது மூன்று நான்கு மணி நேரத்தில் கழிவாக வெளியேறிவிடும். அதனால் ஒரு நாளில் பலமுறை மலம் கழிக்கும். கழிவுத் தட்டைக் காலையும் மாலையும் சுத்தம் செய்யுங்கள்.

• மூலையில் பின்பக்கத்தை ஒட்டி மலம் கழிப்பது இதன் பழக்கம். தட்டை மூலையிலேயே வையுங்கள். தட்டில் காகிதத் துகள் போடலாம். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணலும், பைன், சிடார் மரத்தூளும் வேண்டாம். அவை மூச்சுக்குழாயைப் பாதிக்கும்.

• கூண்டின் தரையையும் கம்பிகளையும் வாரந்தோறும் மிதமான சோப்பு நீரில் கழுவுங்கள். சிறுநீர்க் கறை இருக்கும் இடத்தில் குளோரின் கலந்த வெளுப்பு நீரை ஊற்றாதீர்கள். சிறுநீரின் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும்.

• வாசனைத் தெளிப்பான், சாம்பிராணி, தைல எண்ணெய் போன்றவை வாடையை மறைக்குமே தவிரப் போக்காது. புகையும் கடும் வாசனையும் ஃபெரெட்டின் சுவாசத்திற்கு ஆகாது.

உணவும் கருத்தடையும்

ஃபெரெட் முழுக்க முழுக்க இறைச்சி உண்ணி. சோறு, ரொட்டி, பழம், இனிப்பு கொடுத்தால் செரிக்காது. மலத்தின் நாற்றமும் கூடும். இறைச்சிப் புரதம் நிறைந்த ஃபெரெட் உணவையே கொடுங்கள். கூண்டின் ஓரத்தில் இறைச்சித் துண்டை ஒளித்து வைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. தினமும் தேடி எடுத்து எறியுங்கள். நம் வெயிலில் அது அரை நாளில் அழுகிவிடும்.

கருத்தடை செய்யாத ஆண், இனப்பெருக்கக் காலத்தில் கண்ட இடத்தில் சிறுநீர் கழித்து அடையாளம் வைக்கும். அப்போது உடல் வாடையும் பல மடங்கு கூடும். பெண்ணுக்கு இது உயிர்ப் பிரச்சினை. இணை சேராவிட்டால் பருவ நிலை தணியாமல் நீடிக்கும். ஈஸ்ட்ரோஜன் மிகுந்து, எலும்பு மஜ்ஜை பாதித்து, கடும் இரத்தச்சோகையால் இறந்துவிடலாம். அறுவையா, தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் மருந்தா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கொல்லைப்புறம் வேண்டாம்

தோட்டத்து வீடுகளில் கோழிக் கூண்டைக் கொல்லையில் வைத்துப் பழகியவர்களுக்கு, வாடையடிக்கும் ஃபெரெட்டையும் அங்கேயே விடத் தோன்றும். அது ஆபத்து. ஃபெரெட்டுக்கு வியர்க்காது. 30 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகலாம். நம் ஊர் நண்பகல் அதைத் தாண்டிவிடுகிறது. வீட்டுக்குள் குளிர்ச்சியான அறையே அதற்கு இடம். மூடிய அறையில் குளிரூட்டி ஓடினால் வாடை உள்ளேயே சுற்றும். ஆகவே, காலையிலும் இரவிலும் சன்னலைத் திறந்து காற்று மாற்றுங்கள்; தப்பி ஓடாமல் இருக்கச் சன்னலுக்கு வலை அவசியம். குளிரூட்டியின் வடிகட்டியையும் அடிக்கடி கழுவுங்கள்.

வாடை நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்

வாய் நாற்றம் பல் நோயைக் காட்டலாம். காதில் கறுத்த அழுக்கும் கெட்ட வாடையும் இருந்தால் காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம். கருத்தடை செய்த ஃபெரெட்டுக்குத் திடீரென வாடை கூடி, வாலில் முடியும் கொட்டினால் அட்ரினல் சுரப்பி நோய் இருக்கக்கூடும். தார் போன்ற கறுப்பு மலம், ஒரு நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குத் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

வாங்கும் முன்

எல்லாம் செய்தாலும் ஃபெரெட்டுக்கு மெல்லிய வாடை இருக்கவே செய்யும். அதைக் குறைக்கலாம், அடியோடு போக்க முடியாது. ஆகவே, ஃபெரெட் வளர்ப்பவர் வீட்டுக்கு ஒருமுறை சென்று, அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் அந்த வாடை ஒத்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். உரிமம் தேவையா என்பதைப் பெர்ஹிலித்தானிடமும், விலங்கு வளர்க்க அனுமதி உண்டா என்பதை அடுக்குமாடி நிர்வாகத்திடமும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஃபெரெட் பெரும்பாலும் 5 முதல் 8 ஆண்டுகள் வாழும். அத்தனை ஆண்டுகளும் கழிவுத் தட்டைச் சுத்தம் செய்ய வீட்டில் ஒருவர் முன்வந்தால் மட்டும் வாங்குங்கள்.