மோட்டார் சைக்கிள் பேட்டரி

பிரான்சில் காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கிய ஈய-அமில மின்கலத்தின் வழிவந்தது இந்தப் பேட்டரி. இன்றைய பைக்குகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி. உள்ளே ஆறு அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழு சார்ஜில், வண்டி ஓடாதபோது, ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.

வண்டி கிளம்பாவிட்டால் பழி பேட்டரிமேல்தான் விழுகிறது. பல நேரம் அது அநியாயம். இன்ஜினோடு சுழலும் காந்தம் ஸ்டேட்டர் காயிலில் மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்குகிறது. ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் அதை நேர்திசை மின்சாரமாக்கி, சுமார் 14.5 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்துகிறது. இக்கருவி பழுதானால் ஒன்று சார்ஜ் ஏறாது, அல்லது அளவுமீறி ஏறி அமிலத்திலுள்ள நீர் வற்றும். புது பேட்டரி மாட்டியும் சில வாரங்களில் செல்ஃப் எடுக்கவில்லையென்றால் இந்தப் பகுதியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

நிறுத்தியே கிடக்கும் வண்டியின் நோய் வேறு. சார்ஜ் இறங்கிய தகடுகளில் ஈய சல்ஃபேட் படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுத்திறன் திரும்பாது.

இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிகிறது. 2020-இல் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பும் மின்சாரத்தையே நம்பியிருக்கிறது. பல பைக்குகளில் கிக்கரும் இல்லை. ஆகவே பேட்டரி இறங்கினால் வண்டியைக் கிளப்புவது கடினம்; மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி வையுங்கள்.