அடைப்புக்குறிக்குள் அடங்காத ஆட்டம்

ஆண்டுதோறும் மார்ச் மாத நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் அலுவலகங்களில் ஒரு தாள் கைமாறும். அதன் இரு ஓரங்களிலும் பல்கலைக்கழகங்களின் பெயர்கள் சோடி சோடியாக அச்சிடப்பட்டிருக்கும். வென்றவர் வென்றவருடன் மோத, கோடுகள் ஒன்றோடொன்று இணைந்து, தாளின் நடுவில் ஒரே ஒரு வெற்றிடத்தில் வந்து முடியும். முதலாவது ஆட்டம் தொடங்கு முன்னரே 63 ஆட்டங்களினதும் வெற்றியாளர்களை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கோடுகளின் வடிவத்தைக் கொண்டு இத்தாளை 'பிரக்கற்', அதாவது அடைப்புக்குறி, என்று அழைக்கிறார்கள்.

கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்று ஒரு நாட்டின் சனாதிபதி முதல் தபாற்காரர் வரை எல்லோரையும் சோதிடர்களாக்கிவிடுவது விந்தைதான். பராக் ஒபாமா 2009இல் வெள்ளை மாளிகையில் இருந்தவாறே தொலைக்காட்சிக் கமெராவின் முன் தமது தாளை நிரப்பினார். வட கரோலினா வெல்லும் என்றார், வென்றது. அடுத்த ஆண்டு கன்சஸ் என்றார். அது இரண்டாம் சுற்றிலேயே வட அயோவாவிடம் தோற்று வெளியேறியது.

நான் பத்திரிகை அலுவலகத்தில் இரவுக் கடமை புரிந்த நாட்களில் இப்போட்டிகளின் முடிவுகள் ரெலிபிரின்ரரில் முழம் முழமாக வந்து விழும். கிரிக்கெட்டுக்கே இடம் போதாத எங்கள் பக்கத்தில் அவற்றை எவர் பிரசுரிப்பார்? சுருட்டிக் கூடைக்குள் போடுவதே வழக்கம். எனினும் பிற்காலத்தில் இவ்வெதிர்வுகூறலின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது வெறும் பொழுதுபோக்கின் கதையன்று என்பது தெரிந்தது.

தொடக்கம் மிக எளிமையானது. 1939இல் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர்களின் சங்கம் எட்டு அணிகளை மட்டும் அழைத்து இப்போட்டியை நடத்தியது. சிக்காகோவை அடுத்த எவன்ஸ்ரனில் நடந்த இறுதியாட்டத்தில் ஒரேகன் பல்கலைக்கழகம் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 46–33 என வென்றது. பயிற்றுநர்களுக்கு மிஞ்சியது ஏறத்தாழ 2,500 டொலர் நட்டம். எட்டே எட்டு அணிகள். அதில் ஊகிப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

ஊகம் வேறொரு வாசலால் உள்ளே வந்தது. வலிய அணியும் மெலிய அணியும் மோதினால் மெலியதன் மீது பணம் கட்ட ஆள் வரமாட்டார். இதற்குப் பந்தயக்காரர்கள் 1940களில் ஓர் உபாயம் கண்டனர். யார் வெல்வார் என்பதை விட்டுவிட்டு, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்வார் என்று கேட்டார்கள். சிக்காகோவின் சார்ள்ஸ் மக்னீல் என்ற முன்னாள் கணித ஆசிரியரே இம்முறையின் தந்தை எனப் பலரும் சொல்வர். கணக்கு அழகானதுதான். ஆனால் அதற்குள் ஒரு நஞ்சு இருந்தது. பத்துப் புள்ளியால் வெல்ல வேண்டிய அணி ஆறு புள்ளியால் வென்றால் கல்லூரிக்கு இழப்பில்லை, இரசிகருக்குக் கவலையில்லை, மாணவனின் மனச்சாட்சிக்கும் ஒரு சமாதானம் கிடைக்கிறது: "நாங்கள் தோற்கவில்லையே!" பந்தயக்காரனுக்கோ பொட்டலம் கைக்கு வந்துவிடுகிறது.

நியூயோர்க் நகரக் கல்லூரி கட்டணமின்றிக் கல்வி தந்த கல்லூரி. யூதக் குடியேறிகளின் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடிய அதன் அணி 1950இல் நாட்டின் இரு பெரும் போட்டிகளையும் ஒரே பருவத்தில் வென்றது. இறுதியாட்டங்கள் இரண்டிலும் தோற்றது பிரட்லி பல்கலைக்கழகமே. அச்சாதனையை அதற்கு முன்னரோ பின்னரோ எவரும் நிகழ்த்தவில்லை. ஓராண்டு முடியு முன்னர், 1951 பெப்ரவரியில், பிலடெல்பியாவில் ஆடிவிட்டு ரயிலில் திரும்பிய அணியின் வீரர்கள் மூவர் கைதுசெய்யப்பட்டனர். பணம் பெற்றுப் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அரச வழக்குத்தொடுநர் பிராங்க் ஹோகனின் விசாரணை விரிய விரிய, ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த 32 வீரர்களும் 1947 முதல் 1950 வரையிலான 86 ஆட்டங்களும் அதனுள் வந்தன. இறுதியாட்டங்களில் தோற்ற பிரட்லியின் வீரர்களும் அதில் இருந்தார்கள். நியூயோர்க்கின் பாவம் இது என்று ஏளனம் செய்த கென்ரக்கியின் வீரர்களும் இருந்தார்கள். கென்ரக்கி 1952–53 பருவம் முழுவதும் ஆடவேயில்லை.

அம்மாணவர்களின் விளையாட்டு வாழ்வு அத்துடன் முடிந்தது. தொழில்முறைச் சங்கம் அவர்களுக்குக் கதவடைத்தது. அவர்களுள் ஒருவரான ஃபுளொயிட் லேனை 1974இல் அதே நகரக் கல்லூரி பயிற்றுநராக அழைத்துக்கொண்டது. அக்கல்லூரியின் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது அவ்விடத்திற்றான்.

இடைப்பட்ட காலத்தில் எதிர்வுகூறலுக்கு வேறொரு தடை இருந்தது. ஜோன் வூடனின் கீழ் கலிபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. 1964 முதல் 1975 வரை பத்துத் தடவைகள், அவற்றுள் ஏழு தொடர்ச்சியாக, கிண்ணத்தை எடுத்தது. வெல்பவர் யாரென எல்லோருக்கும் தெரிந்திருக்கையில் பந்தயம் எதற்கு? 1975இல் வூடன் ஓய்வுபெற்றார். 1977இல் நியூயோர்க்கின் ஸ்ரேற்றன் தீவிலுள்ள ஒரு மதுச்சாலையில் 88 பேர் ஆளுக்குப் பத்து டொலர் போட்டுச் சீட்டெழுதினார்கள். இத்தகைய கூட்டுப்பந்தயங்களின் ஆதி அதுவே எனப் பலர் கருதுகிறார்கள். 1979இல் அணிகளுக்குத் தரவரிசை இலக்கம் இடும் முறை வந்தது. 1985இல் அணிகள் 64 ஆயின. தாள் சமச்சீராக அமைந்தது, படியெடுக்கும் இயந்திரம் எல்லா அலுவலகங்களிலும் இருந்தது. பின்பு கேட்கவா வேண்டும்! அந்த 1985இலேயே, எட்டாம் தரத்திலிருந்த வில்லனோவா இறுதியில் ஜோர்ஜ்ரவுனை 66–64 என வென்று எல்லோருடைய தாளையும் கிழித்தது. அந்த மதுச்சாலையின் பரிசுத்தொகை 2006இல் 15 இலட்சம் டொலரைத் தாண்டிவிட்டது. அதன் பின்னர் நடத்துவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கணிப்பவர்கள் மறந்துவிடும் எண் ஒன்றுண்டு. 63 ஆட்டங்களுக்கும் நாணயம் சுண்டிப் பதில் எழுதினால், சாத்தியமான தாள்களின் தொகை 9,223,372,036,854,775,808. ஒவ்வோர் ஆட்டத்தையும் நூற்றுக்கு 75 வீதம் சரியாகச் சொல்லவல்ல விற்பன்னர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவருக்கும் முழுத்தாளும் சரியாக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 7 கோடியே 40 இலட்சத்தில் ஒன்றுதான். பிழைகள் கூடுவதில்லை, பெருகுகின்றன. செல்வந்தர் வொரன் பஃபெற்றின் பொறுப்புறுதியுடன் 2014இல் குறைபாடற்ற தாளுக்கு நூறு கோடி டொலர் அறிவிக்கப்பட்டது. இரண்டாம் நாளிலேயே ஒரு தாளும் மிஞ்சவில்லை. 2019இல் ஒஹாயோவைச் சேர்ந்த ஒருவர் முதல் 49 ஆட்டங்களையும் அச்சொட்டாகச் சொல்லியிருந்தார். உறுதிப்படுத்தப்பட்ட கணிப்புகளுள் எதுவும் அதுவரை அவ்வளவு தூரம் சென்றதில்லை. ஐம்பதாவது ஆட்டத்தில் பேர்டியூ ரெனசியை மேலதிக நேரத்தில் 99–94 என வென்றது.

அறிவு மாத்திரம் உதவுகிறதா என்றால் அதுவுமில்லை. 2006இல் பதினொராம் தரத்து ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகம் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாயிற்று. பெரிய இணையப் போட்டியொன்றில் ஏறத்தாழ 30 இலட்சம் தாள்களில் அந்த நான்கு அணிகளையும் சரியாகக் குறித்தவை நான்கே. அவற்றுள் ஒன்றை நிரப்பியவர், ஜோர்ஜ் வொஷிங்டன் பல்கலைக்கழகம் என்று எண்ணிப் பெயர் மாறிக் குறித்துவிட்டதாகப் பின்னர் சொன்னார்.

முதலாம் தரத்து அணி பதினாறாம் தரத்து அணியிடம் தோற்காது என்பது மட்டும் மாறா விதியாக இருந்தது. 1985 முதல் அத்தகைய 135 ஆட்டங்களிலும் அதுவே நடந்தது. 2018 மார்ச் 16இல் மேரிலாந்தின் பால்ரிமோர் கவுன்ரிப் பல்கலைக்கழகம் வேர்ஜினியாவை 74–54 என வீழ்த்தியது. மறு ஆண்டு கிண்ணத்தை எடுத்தது அதே வேர்ஜினியாதான்.

அவ்வாட்டம் முடிந்து இரு மாதங்களுக்குள், 2018 மே 14இல், விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வைத்திருந்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. இரண்டில் எது கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தை அதிகம் மாற்றிற்று என்று கேட்டால் நான் தீர்ப்பையே சொல்வேன். இன்று கைத்தொலைபேசியிலேயே பணம் கட்டலாம். அணியின் வெற்றி மீது மட்டுமன்று, இன்ன மாணவன் இத்தனை புள்ளி பெறுவான், இத்தனை பந்து பிடிப்பான் என்பதன் மீதும் கட்டலாம். 1951இல் ஆட்டத்தின் புள்ளி வித்தியாசத்தை மாற்ற இரண்டு மூன்று பேரையாவது வளைக்க வேண்டியிருந்தது. இப்போது ஒருவன் போதும். அவன் சற்றுச் சோர்ந்து ஆடினாலே போதும். 2021 ஜூலை வரை தன் பெயரைக்கொண்டு ஒரு சதமும் உழைக்க அனுமதிக்கப்படாதவன் அந்த மாணவன். அவன் ஆடும் இச்சுற்றுப்போட்டியின் ஒளிபரப்பு உரிமையோ 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டொலருக்கு விலைபோயிருந்தது.

கல்லூரி வீரர்கள் மீதான தனிநபர்ப் பந்தயங்களை மாநிலங்கள் தடைசெய்ய வேண்டும் என 2024 மார்ச்சில் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் சார்லி பேக்கர் கோரினார். சில மாநிலங்கள் இணங்கின. 2025 செப்டெம்பரில், கலிபோர்னியாவின் இரு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கூடைப்பந்தாட்ட வீரர்கள் மூவர் தம் ஆட்டத்தைப் பந்தயத்துக்கு ஏற்றவாறு வளைத்தமைக்காக, அச்சங்கத்தால் நிரந்தரமாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர்.