பழங்கட்டடங்களை அளந்து வைத்தல்



கெடா மாநிலத்தில் ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரும் கடாரம் இந்தக் கெடாப் பகுதியே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அங்கே மண்ணில் புதைந்து கிடந்த பழங்கோயில்களை மலாய் மொழியில் 'சண்டி' என்பார்கள். நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில், கட்டுச்சோற்றோடு அங்கே ஒருமுறை போயிருந்தோம். புக்கிட் பத்து பஹாட் சண்டியின் கருங்கல் மேடையில் உட்கார்ந்து சாப்பிடலாமென்று பொட்டலத்தைப் பிரித்தோம். காவலர் வந்து எழுப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான்.

அந்த மேடை நம் காலம்வரை தானாக நின்றதன்று. குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1936-37இல் தம் மனைவியோடு அங்கே அகழாய்வு செய்தார். பள்ளத்தாக்கில் கண்ட இடிபாடுகளுக்கெல்லாம் எண் இட்டு, விவரங்களை எழுதி 1940இல் அச்சிட்டார். இந்தச் சண்டிக்கு அவர் இட்ட எண் 8. பிறகு 1959-60இல் அலஸ்டர் லேம்ப் என்பவரின் மேற்பார்வையில் கற்களை ஒழுங்குபடுத்தி மறுபடி எழுப்பினார்கள். மரத்தாலான மேற்பகுதி மக்கிப் போயிருந்தது. அது எப்படி இருந்ததென்று எழுதி வைத்தவர் எவருமில்லை. ஆகவே இன்றும் அந்தக் கோயிலுக்குக் கூரை இல்லை.

எண் 11-க்கு நேர்ந்த கதி வேறு. அது சுங்கை பத்து தோட்டப் பகுதியில் இருந்தது. ஆம் நேயர்களே, நம்முடையதைப் போன்ற ஒரு தோட்டந்தான். மரபுச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்படாத இடம் அது. மேம்பாட்டுக்காக நிலத்தைச் சீர்படுத்தியபோது சண்டியையும் இடித்துவிட்டார்கள். 2013 டிசம்பரில்தான் செய்தி நாட்டுக்குத் தெரிந்தது. மண்வாரி இயந்திரத்துக்கு ஒரு பொழுது போதும்.

ஒரு கட்டடத்தை அளந்து வைத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். முதலில் அளக்கும் வேலையின் கதையைப் பார்ப்போம். 1858ஆம் ஆண்டு, ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரின் பேராலயத்தை அளக்க ஆல்பிரெக்ட் மேடன்பாவர் என்ற இளைஞர் அனுப்பப்பட்டார். சாரம் கட்டினால் செலவு அதிகம். ஆகையால் கயிற்றில் தொங்கும் கூடையில் ஏறி அளந்தார். ஒருநாள் கூடையிலிருந்து கோபுரத்துச் சன்னலில் கால் வைக்கும்போது தவறி, மயிரிழையில் உயிர் தப்பினார். உயரத்தில் தொங்கி அளப்பதற்குப் பதிலாகத் தரையில் நின்று படம் பிடித்து, அந்தப் படத்திலிருந்தே அளவுகளைக் கணக்கிட முடியாதா என்ற எண்ணம் அதன் பிறகே அவருக்குப் பிறந்தது. 1885இல் இந்த வேலைக்கென்றே பெர்லினில் ஒரு நிறுவனம் அவர் பொறுப்பில் தொடங்கியது.

இதன் உட்பொருள் எளிது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், தடுமாறும். இரு கண்ணும் இரண்டு இடத்திலிருந்து ஒரே பொருளைப் பார்ப்பதால்தான் தொலைவு நமக்குப் புலப்படுகிறது. அதுபோலவே ஒரு தூணைப் பல இடங்களில் நின்று, ஒரு படம் அடுத்ததன்மேல் பெரும்பகுதி படியுமாறு எடுத்தால், தூணின் வடிவத்தைக் கணினி கணக்கிட்டுவிடும். இப்போது இன்னொரு கருவியும் உண்டு. அது லேசர் ஒளியைச் சுவரில் பாய்ச்சி, திரும்பி வருவதைக் கொண்டு தொலைவை அறிகிறது. சுற்றிச் சுற்றிக் கோடிக்கணக்கான புள்ளிகளைப் பதிகிறது. அந்தப் புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்தால் கட்டடமே திரையில் எழுந்து நிற்கும்.

பாரிஸ் நகரத்து நோட்ர டாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தக் கருவியால் அளந்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைச் சேர்த்தார். 2018இல் அவர் காலமானார். 2019 ஏப்ரல் 15ஆம் நாள் பேராலயத்தில் தீப்பற்றி, ஓக் மரக் கூரையும் ஊசிக்கோபுரமும் விழுந்தன. டாலனுடைய அளவுகளும், கூரையின் மரச்சட்டங்களை முன்பே அளந்து வரைந்திருந்த இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்களின் படங்களும் மறுகட்டுமானத்துக்குக் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

ஆனால், கணினியில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. நம் பள்ளியில் பழைய ஆண்டுமலர் ஒன்றை நெகிழ்வட்டில் வைத்திருந்தார்கள். வட்டு பத்திரமாக இருக்கிறது, அதைப் படிக்கத்தான் இயந்திரம் இல்லை! மேடன்பாவர் நிறுவனத்தின் கண்ணாடித் தகடுகளோ, பல இன்றும் படிக்கும்படி இருக்கின்றன. ஆகையால் பிரதிகள் இரண்டு மூன்று இடத்தில் இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய கருவிக்கு மாற்ற வேண்டும். முக்கியமானதைத் தாளிலும் எழுத வேண்டும்.

லேசர் கருவி நம் கைக்கு எட்டாது. கைப்பேசி எட்டும். சென்ற ஆண்டு நம் மாணவர்களோடு தோட்டத்துப் பழைய ஆயாக் கொட்டகையை அளந்தோம். பால்மரம் சீவப் போன தாய்மார் விடியுமுன்னே குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் அது. இப்போது சுற்றிலும் செம்பனை. பிள்ளைகள் கொட்டகையைச் சுற்றி வந்து படம் எடுத்தார்கள். அளவுக்காகச் சுவரோரம் ஒரு மீட்டர் கோலைச் சாத்தி வைத்தோம். தெரிந்த நீளம் ஒன்று படத்தில் இல்லாவிட்டால், கணினி உருவத்தைக் காட்டுமே தவிர அளவைச் சொல்லாது.

உள்ளே இருட்டு. உத்தரம் படத்தில் கறுப்பாகவே விழுந்தது. ஒரு சிறுமி கைவிளக்கை அடித்துப் பார்த்து, "சார், மேலே வரிசையாக் கொக்கி இருக்கு" என்றாள். எண்ணினோம், 14. எதற்கென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. லயத்திலிருந்து ஒரு பாட்டியை அழைத்து வந்தோம். நிமிர்ந்து பார்த்தார்.

"தொட்டில் கட்டுறதுக்குய்யா. பதினாலு பத்தாது. ஒரு கொக்கியில ரெண்டு தொட்டில்கூடக் கட்டுவோம். உங்க அப்பாவும் இங்கதான் கிடந்தாரு."

அந்தச் சொற்களையும் தேதி போட்டு வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டோம்.