வெறுங்கை சொல்லும் நெறி

கராத்தே என்றாலே ஓடு உடைப்பதும் பலகை பிளப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அக்கலையின் ஆசான்கள் வலியுறுத்தியது, முதலில் கை ஓங்கக்கூடாது என்பதைத்தான்.

கராத்தே ஒக்கினாவா தீவில் வளர்ந்த கலை. அங்கிருந்த தற்காப்புக் கலையோடு சீனக் குத்துக்கலையும் கலந்ததால், 'சீனக் கை' என்றே அதை எழுதி வந்தார்கள். மறைவாகக் கற்பிக்கப்பட்ட இதனை 1900களின் தொடக்கத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுவந்தவர் ஆசான் அங்கோ இத்தோசு. 1908இல் அவர் எழுதிய பத்து அறிவுரைகளில், இப்பயிற்சி நாட்டுக்கு நல்ல படைவீரர்களைத் தரும் என்ற வாதமும் இருந்தது.

அவருடைய மாணவர் கிச்சின் ஃபுனகோஷி பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1922இல் தோக்கியோ சென்று இக்கலையைச் செய்து காட்டினார். 'சீனம்', 'வெறுமை' ஆகிய இரண்டு எழுத்துகளையும் ஜப்பானிய மொழியில் 'கரா' என்றே வாசிக்கலாம். ஆகவே, ஒலி மாறாமல் பெயரை 'வெறுங்கை' என மாற்ற வேண்டும் என்றார். 1936இல் நாஹா நகரில் கூடிய ஆசான்களும் அதை ஏற்றனர். கையில் ஆயுதம் இல்லை என்பது ஒரு பொருள். மனத்தில் தன்னலமும் தீய எண்ணமும் இல்லை என்பது அவர் தந்த ஆழ்ந்த பொருள். எனினும், சீனாவோடு பகை முற்றிய காலம் அது. மறு ஆண்டே போர் மூண்டது. பெயர் மாற்றத்தில் அரசியலும் கலந்திருந்தது.

ஃபுனகோஷி வகுத்த இருபது நெறிகளில் முதலாவது மரியாதை; அடுத்தது, முதல் தாக்குதல் கூடாது என்பது. 'கத்தா' எனும் பயிற்சி வரிசைகளில் பெரும்பாலானவை தடுக்கும் அசைவில் தொடங்குவதும் அதனால்தான் என்பார்கள்.

ஆனால் நடந்தது என்ன? அந்த நெறி பயிலப்பட்ட நாட்டின் படைதான் 1941 டிசம்பர் 8இல் நம் கோத்தா பாருவில் வந்திறங்கியது. 1945இல் ஒக்கினாவாவே போர்க்களமானது. தீவு மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மாண்டனர்.

ஃபுனகோஷி 1957இல் தமது 88ஆம் வயதில் மறைந்தார். கமக்குரா நகரின் எங்காகுஜி ஆலயத்தில் 1968இல் எழுப்பப்பட்ட நினைவுக்கல்லில், முதல் தாக்குதல் கூடாது என்ற அந்த நெறியே பொறிக்கப்பட்டுள்ளது.

பெற்றோர்களே, பிள்ளையின் இடுப்பில் என்ன நிறப் பட்டை என்று கேட்கிறோம். கோபம் வந்த வேளையில் கையைக் கட்டுப்படுத்தினானா என்றும் கேட்போம். கல்லில் பொறித்த நெறியைப் பிள்ளையின் மனத்தில் பதிப்பதும் நம் பொறுப்புதான்.