அமெரிக்க முதியோர் வைத்தியக் காப்புறுதியும் தென்மாநில வைத்தியசாலைகளும்

1965ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி லிண்டன் ஜோன்சன், மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகருக்குச் சென்று, அங்கு ஓய்வுக்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த முன்னைநாட் சனாதிபதி ஹரி ட்ரூமனின் முன்னிலையில் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். அறுபத்தைந்து வயதை அடைந்தோருக்கு அரசாங்கத்தின் பொறுப்பில் வைத்தியக் காப்புறுதி வழங்கும் அச்சட்டம் 'மெடிக்கெயர்' என்னும் பெயரால் அறியப்படுவது. முதலாவது காப்புறுதி அட்டை ட்ரூமனுக்கே வழங்கப்பட்டது. இருபதாண்டுகளுக்கு முன் அவர் முன்வைத்துத் தோல்வி கண்ட கோரிக்கையின் ஒரு பகுதியாவது நிறைவேறியமையால் அது பொருத்தமான மரியாதையே. அமெரிக்கச் சமூகநல வரலாற்றின் ஓர் அத்தியாயத்தை இக்காட்சியுடன் முடித்துவிடலாம் எனத் தோன்றும். ஆயின் காப்புறுதி என்பது நோயாளியின் செலவை வேறொருவர் செலுத்துவார் என்ற வாக்குறுதி மட்டுமே. அந்நோயாளியை ஏற்றுக்கொள்ள ஒரு வைத்தியசாலையும் ஒரு வைத்தியரும் கிடைப்பரோ என்பது பிறிதொரு வினா. தென்மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின முதியோரைப் பொறுத்தவரையில் இவ்விரண்டிற்கும் இடையே இருந்த தூரம் பெரிது. அத்தூரம் எவ்வாறு கடக்கப்பட்டது, எவ்விடத்திற் கடக்கப்படாது நின்றது என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

சனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்டின் ஆட்சியில் 1935ஆம் ஆண்டு நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஓய்வுபெற்ற தொழிலாளருக்கு மாத வருமானம் ஒன்றை உறுதிப்படுத்திற்று. வைத்தியக் காப்புறுதியையும் அதனுடன் சேர்க்கும் எண்ணம் அப்போதே எழுந்ததாயினும், வைத்தியர் சங்கத்தின் எதிர்ப்பு முழுச் சட்டமூலத்தையும் கவிழ்த்துவிடும் என்ற அச்சத்தாற் கைவிடப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் சம்பள உயர்வு கட்டுப்படுத்தப்பட்டபோது, தொழிலாளரைத் தம்பால் ஈர்க்க விரும்பிய தொழிலதிபர்கள் சம்பளத்திற்குப் பதிலாக வைத்தியக் காப்புறுதியை வழங்கலாயினர். 1954ஆம் ஆண்டின் வரிச்சட்டம் அவ்வாறு வழங்கப்படும் காப்புறுதிக்கு வரிவிலக்களித்து இம்முறையை நிலைபெறச் செய்தது. இதன் விளைவு விசித்திரமானது. உடலில் வலுவுள்ள காலத்திற் காப்புறுதி இருந்தது. வேலையை விட்டு நீங்கி, நோய்கள் ஒவ்வொன்றாய் வந்து சேரும் காலத்தில் அது இல்லாதொழிந்தது. தனியார் காப்புறுதிக் கம்பனிகள் முதியோரை விரும்பவில்லை. ஏற்ற இடத்தும் அவர்கள் கேட்ட கட்டுப்பணத்தை ஓய்வூதியத்தாற் செலுத்துதல் பலருக்கும் இயலாதிருந்தது. 1960களின் தொடக்கத்தில் அறுபத்தைந்து வயதைக் கடந்தோருட் பாதிப்பேர் வரையில் வைத்தியசாலைக் காப்புறுதி எதுவுமின்றி இருந்தனர்.

அமெரிக்க வைத்தியர் சங்கம் நடத்திய எதிர்ப்பின் கதை பலரும் அறிந்தது, சுருக்கமாகவே கூறலாம். 1945 நவம்பரில் ட்ரூமன் நாட்டு மக்கள் அனைவருக்குமான காப்புறுதியைக் கோரியபோது அது 'சோசலிச வைத்தியம்' என்று தூற்றப்பட்டது. சங்கம் தன் உறுப்பினரிடம் ஆளுக்கு 25 டொலர் அறவிட்டு விளம்பரப் போர் நடத்திற்று. 1961இல் றொனால்ட் றேகன் என்னும் நடிகரின் குரலில் இசைத்தட்டு ஒன்று வெளியிடப்பட்டு, வைத்தியர்களின் மனைவியர் தத்தம் வீடுகளில் நடத்திய கோப்பி விருந்துகளில் ஒலிபரப்பப்பட்டது. (அந்நடிகரே இருபதாண்டுகளின் பின் சனாதிபதியாகி அதே மெடிக்கெயரை நிர்வகிக்க நேர்ந்தது வரலாற்றின் குறும்பு எனலாம்.) 1960ஆம் ஆண்டின் கெர்–மில்ஸ் சட்டம் வறிய முதியோருக்கு மட்டும், வருமானச் சோதனையின் பின், மாநிலங்களினூடாக உதவ முற்பட்டது. செல்வமிக்க சில மாநிலங்களே அந்நிதியின் பெரும்பங்கைப் பெற்றுக்கொண்டன. 1962 யூலையில் கெனடி ஆதரித்த சட்டமூலம் செனட் சபையில் 52க்கு 48 என்ற வாக்குகளாற் தோற்றது. 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பெற்ற பெருவெற்றியே இறுதியில் வழியைத் திறந்தது.

1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றின் விதை அதிலேயே உள்ளது. பிரதிநிதிகள் சபையின் நிதிக்குழுத் தலைவரான வில்பர் மில்ஸ், ஒன்றற்கொன்று மாற்றாக முன்வைக்கப்பட்டிருந்த திட்டங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி ஒரே சட்டமாக்கினார். 'அ' பகுதி வைத்தியசாலைச் செலவுக்குரியது. தொழில் புரிவோரிடமும் தொழில் வழங்குவோரிடமும் பெறப்படும் வரியால் நடப்பது. 'ஆ' பகுதி வைத்தியரின் கட்டணத்திற்குரியது. விரும்பியோர் மாதம் 3 டொலர் செலுத்த, அரசாங்கமும் அதேயளவு தொகையைச் சேர்க்கும். வறியோருக்கான 'மெடிக்கெயிட்' மூன்றாவது அடுக்கு. வைத்தியத் தொழிலின் நடைமுறையில் மத்திய அரசாங்கம் தலையிடலாகாது என்பது சட்டத்தின் முதற்பிரிவிலேயே எழுதப்பட்டது. வைத்தியர் தாம் விரும்பினால் அரசாங்கம் மதிப்பிட்ட தொகையை ஏற்கலாம். அன்றேல் நோயாளியிடம் அதனினும் கூடிய கட்டணத்தை நேரே பெற்றுக்கொண்டு, அவரைக் காப்புறுதிப் பணத்திற்கு விண்ணப்பிக்குமாறு விட்டுவிடலாம். வைத்தியர்களைச் சமாதானப்படுத்தாது சட்டத்தை நடைமுறைப்படுத்தல் இயலாதென்று அக்காலத்தில் வாதிக்கப்பட்டது. அவ்வாதம் முற்றிலும் தவறன்று. ஆயின் சமாதானத்தின் விலையை யார் கொடுத்தனர் என்று கேட்டல் வேண்டும்.

இனித் தென்மாநிலங்களின் நிலை. 1946ஆம் ஆண்டின் ஹில்–பேர்ட்டன் சட்டம் மத்திய அரசாங்க நிதியால் நாடெங்கும் வைத்தியசாலைகளை எழுப்பியது. 'பிரிந்திருப்பினும் சமமானவை' என்ற கோட்பாட்டின்படி வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் வெவ்வேறாகக் கட்டடங்கள் அமைக்கவும் அச்சட்டமே இடமளித்தது. நடைமுறையிற் பிரிவு இருந்தது, சமம் இருக்கவில்லை. கறுப்பின நோயாளர் சில வைத்தியசாலைகளில் அறவே அனுமதிக்கப்படவில்லை. சிலவற்றில் அவர்களுக்கெனத் தனி விடுதிகளும் தனிக் காத்திருப்பு அறைகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. கறுப்பின வைத்தியரின் நிலையும் இதுவே. தென்மாநிலங்களில் மாவட்ட வைத்தியர் சங்கங்கள் பல அவர்களை உறுப்பினராக ஏற்பதில்லை. உறுப்புரிமை இல்லாதவர் வைத்தியசாலையில் தம் நோயாளியை அனுமதித்துச் சிகிச்சையளிக்க முடியாது. கறுப்பின வைத்தியர்களின் தேசிய வைத்தியர் சங்கம், மொன்ரேகு கொப் போன்றோரின் தலைமையில், பெருஞ்சங்கத்திற்கு மாறாக மெடிக்கெயரை ஆதரித்தமைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாகும்.

வட கரோலைனாவின் கிறீன்ஸ்பரோ நகரில் ஜோர்ஜ் சிம்கின்ஸ் என்னும் கறுப்பினப் பல்வைத்தியர் இருந்தார். காய்ச்சலும் வீங்கிய தாடையுமாக வந்த நோயாளி ஒருவருக்கு உடனடிச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. கறுப்பினத்தவருக்கான வைத்தியசாலையில் இடமில்லை. அரசாங்க நிதியாற் கட்டப்பட்ட வெள்ளையர் வைத்தியசாலைகள் அவரை ஏற்கவில்லை. சிம்கின்ஸும் ஏனையோரும் 1962இல் வழக்குத் தொடர்ந்தனர். 1963 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையால் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, ஹில்–பேர்ட்டன் சட்டத்தின் பிரிவினை வாசகத்தைச் செல்லாதென்றது. 1964இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பில் தலையிட மறுத்தது. அதே ஆண்டு நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம், மத்திய அரசாங்கத்தின் நிதியுதவி பெறும் எந்நிறுவனமும் இனவேறுபாடு காட்டலாகாது என விதித்தது.

இவ்விதி மெடிக்கெயருடன் சேர்ந்தபோதுதான் அதற்குப் பல் முளைத்தது. 1966 யூலை முதலாந் திகதி காப்புறுதி தொடங்கவிருந்தது. அதற்குச் சில மாதங்களே இருக்க, பொதுச் சுகாதார சேவையிற் சமவாய்ப்பு அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. மெடிக்கெயர்ப் பணம் வேண்டுமெனின் இனப்பிரிவினை ஒழிந்தது என்று காட்டுதல் வேண்டும் என மார்ச் மாதத்தில் நாட்டின் வைத்தியசாலைகளுக்கெல்லாம் கடிதம் சென்றது. பிற அலுவலகங்களிலிருந்து இரவலாகப் பெறப்பட்ட பல நூற்றுவர் பரிசோதகராய்ப் புறப்பட்டனர். வைத்தியசாலை நிர்வாகி எழுத்தில் தந்த உறுதியை மட்டும் நம்பாது, எந்த அறையில் எவர் படுத்திருக்கின்றனர், உணவுண்ணும் இடம் எவ்வாறு உள்ளது, கறுப்பின வைத்தியர் அனுமதிக்கப்படுகின்றனரா என்பவற்றை நேரிற் கண்டனர். பரிசோதகர் திரும்பிச் சென்றதும் நோயாளரைப் பழையபடி பிரித்து வைத்த இடங்களும் உண்டு. அவற்றை வெளிப்படுத்தியோர் அங்கேயே பணிபுரிந்த கறுப்பினத் தாதியரும் சிற்றூழியருமாவர். வேலையையும், சிலவேளை உயிரையும் பணயம் வைத்து அவர்கள் இரகசியமாய்த் தந்த செய்திகள் இல்லையெனின் இச்சோதனை வெறுஞ் சடங்காகியிருக்கும். சட்டம் இயற்றியோரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. இவர்களுட் பெரும்பாலோரின் பெயர்கள் இல்லை.

யூலை மாதம் காப்புறுதி தொடங்கியபோது நாட்டின் வைத்தியசாலைகளுட் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை நிபந்தனையை ஏற்றுக்கொண்டிருந்தன. எஞ்சியவை பெரும்பாலும் ஆழ்ந்த தென்பகுதியிலேயே இருந்தன. பாடசாலைகளில் இனப்பிரிவினை கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்துப் பத்தாண்டுகள் சென்ற பின்னும், தென்மாநிலக் கறுப்பினப் பிள்ளைகளுள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவானோரே வெள்ளையப் பிள்ளைகளுடன் கற்றனர் என்பதை இதனோடு ஒப்பிடுக. வைத்தியசாலை நிர்வாகிகளின் மனம் சில மாதங்களில் மாறிவிட்டது என்று கொள்ள இடமில்லை. முதியோரே வைத்தியசாலைப் படுக்கைகளை அதிகம் நாடுவோர். அவர்களுக்கான பணத்தை இழந்து கணக்கை நேர்செய்ய எந்த நிர்வாகியாலும் இயலாதிருந்தது. பாடசாலைக்குத் தீர்ப்பு மட்டும் வந்தது. வைத்தியசாலைக்கோ தீர்ப்புடன் காசோலையும் வந்தது.

'ஆ' பகுதியில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. வைத்தியரின் கட்டணத்திற்குரிய அப்பணம் 'மத்திய அரசாங்கத்தின் நிதியுதவி' அன்று என அரசாங்கமே பொருள்கொண்டது. நோயாளி செய்துகொண்ட காப்புறுதியின் பயனே அது. வைத்தியருக்கு அரசு நல்கும் உதவியன்று என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். ஆனால் அப்பணத்திற் பாதியை அரசாங்கமே செலுத்தியது என்பதை நோக்குமிடத்து, அவ்வாதம் சட்டத்தினின்று பிறந்ததைவிட வைத்தியர்களோடு செய்த சமாதானத்தினின்று பிறந்தது என்றே கருதவேண்டியுள்ளது. எங்ஙனமாயினும், ஆறாம் அத்தியாயம் வைத்தியசாலை வாயிலோடு நின்றது. வைத்தியரின் தனி அறைக்குள் நுழையவில்லை. அதே நகரில், அதே அட்டையுடன், ஒரு கறுப்பின மூதாட்டி முன்பு தமக்கு மறுக்கப்பட்ட விடுதியிற் படுத்துச் சிகிச்சை பெறலாம். ஆனால் வைத்தியரின் இல்லத்திற் பின்வாயிலாற் சென்று தனி அறையிற் காத்திருக்கும் வழக்கத்தை மாற்றும்படி அவ்வைத்தியரை எவரும் கேட்டிலர். வைத்தியசாலைக்கு நோயாளியை அனுப்புபவர் பெரும்பாலும் வைத்தியரே என்பதை எண்ணும்போது இக்குறையின் பாரம் புலப்படும். அமெரிக்க வைத்தியர் சங்கம், இனவேறுபாடு காட்டும் கிளைச் சங்கங்களை நீக்க வழிசெய்யும் விதியை 1968இலேயே ஏற்றது.

வெற்றியிலும் ஓர் இழப்பு இருந்தது. கறுப்பின சமூகம் தன் முயற்சியாற் கட்டி வளர்த்த வைத்தியசாலைகள் பல, அவற்றின் நோயாளர் பெரிய வைத்தியசாலைகளுக்குச் செல்லத் தொடங்கியதும் அடுத்து வந்த ஆண்டுகளில் மூடப்பட்டன. கறுப்பின வைத்தியருக்கும் தாதியருக்கும் பயிற்சிக்களமாய் இருந்தவை அவையே.

வைத்தியர் மேலதிகமாய் அறவிடும் கட்டணத்திற்கு 1989ஆம் ஆண்டுச் சட்டமொன்று எல்லை வகுத்தது. 'ஆ' பகுதிக்கு அளிக்கப்பட்ட விலக்கோ நீண்டகாலம் அசையாதிருந்தது. மெடிக்கெயரின் 'ஆ' பகுதிப் பணமும் மத்திய அரசாங்கத்தின் நிதியுதவியே என அமெரிக்கச் சுகாதாரத் திணைக்களம் ஒழுங்குவிதி ஒன்றில் அறிவித்தது 2024ஆம் ஆண்டு மே மாதத்தில். 1966இல் அட்டை பெற்றவர்களுள் மிக இளையவர் அப்போது உயிருடன் இருந்திருப்பின் அவருக்கு நூற்றிருபது வயதைக் கடந்திருக்கும்.