நன்கொடைக் கணினியும் தமிழ் வகுப்பறையும்

தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் எழுத்துருக்களையும் மாநாடுகளையும் விரிவாகப் பேசுவர். அக்கருவிகள் வகுப்பறையை அடைந்த வழியை அவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவ்வழியைக் கிள்ளான் பள்ளத்தாக்கை முன்னிறுத்தி நாம் இங்கு ஆராய்வோம்.

1985இல் முத்து நெடுமாறன் கோலாலம்பூரில் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். 2001 ஆகஸ்டில் உத்தமத்தின் தமிழ் இணைய மாநாடு அதே நகரில் கூடியது. தமிழ்க் கணிமையில் இந்நகர் முன்வரிசையில் நின்றது என்பதற்கு இவை சான்று. ஆயினும், நாட்டின் தமிழ்ப்பள்ளிகளுட் பல அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டுமே பெறுபவை. கட்டடமாயினும் கருவியாயினும், பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பொருள் திரட்ட வேண்டிய நிலை நிலவியது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள ஒரு பள்ளிக்கு, அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினியே கைக்கெட்டும் கணினியாக இருந்தால் அதில் வியப்பில்லை.

கழித்துவிட்ட கணினியில் தமிழுக்கு ஓர் இடர் இருந்தது. ‘கொ’ என்னும் எழுத்தை எண்ணிப் பாருங்கள். ஒலிமுறையில் முதலில் மெய், பின்னர் உயிர். வரிவடிவிலோ உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கும். 1991இல் வெளிவந்த யூனிகோடு ஒலிமுறை வரிசையைக் கைக்கொண்டது; தகுதரம் போன்ற குறியாக்கங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையையே பதிந்தன. ஆகவே யூனிகோடு தமிழைத் திரையில் காட்ட, குறிகளை உரிய இடத்தில் அமைத்துத் தரும் ஒழுங்கமைப்பு நிரல் ஒன்று தேவைப்பட்டது. விண்டோஸ் வரிசையில் இவ்வசதி இயங்குதளத்தோடு இணைந்து வந்தது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். அதற்கு முந்திய கணினியைக் கொடையாகப் பெற்ற பள்ளி, யூனிகோடு தமிழுக்குப் பதிலாகப் பெட்டிகளையும் சிதறிய குறிகளையுமே கண்டிருக்கும்.

திறமூல மென்பொருள் இவ்விடரை வேறொரு திசையிலிருந்து தீர்த்தது. 1999இல் தொடங்கிய லினக்ஸ் முனையச் சேவையகத் திட்டத்தின்படி, வகுப்பறையில் ஒரே ஒரு கணினி வலிமை உடையதாக இருந்தால் போதும். ஏனையவை வன்தட்டு இல்லாமலும் வலைப்பின்னல் வழியே தொடங்கும். நிரல்கள் நடுக்கணினியில் ஓட, அவற்றின் திரைகள் மட்டும் மாணவர் முன் தோன்றும். இதில் மொழியியலார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ் எழுத்துருவும் ஒழுங்கமைப்பு நிரலும் நடுக்கணினியில் இருந்தாலே வகுப்பு முழுவதும் தமிழ் பெறும். பழைய கணினியின் வயது தமிழுக்குத் தடையாவதில்லை.

உரிமத்திலும் ஒரு நன்மை இருந்தது. மூலநிரலைத் திருத்தவும் பகிரவும் எவரும் உரிமை பெற்றதால், பல நாட்டுத் தன்னார்வலர்கள் கேடீஈ, க்னோம் ஆகியவற்றின் பட்டிகளைத் தமிழாக்கினர். ‘கோப்பு’, ‘சேமி’, ‘அச்சிடு’ என்னும் சொற்கள் திரையிலேயே நின்றன. தன் பள்ளிமொழி கட்டுரை எழுத மட்டுமன்று, கருவியை ஆளவும் உரியது என்பதை மாணவன் அங்கே காண்கிறான். நம் நோக்கில், விலைக்குறைவை விடப் பெரிய பயன் இதுவே.

ஆயினும் மென்பொருள் தானாக வேர்விடாது. மலேசிய அரசு 2004இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வகுத்தது. ஆனால் அரசாணை தமிழ் வகுப்பறைக்குச் சொல்லும் பயிற்சியும் தந்துவிடாது. கேரளத்தின் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் இதற்குப் பாடமாகும். அது கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது, பள்ளி ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக உருவாக்கியது. மலையாளத்தையும் உடன் கொண்டு சென்றது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத இடத்தில், முதற்பழுது ஏற்பட்டவுடன் கணினி மூலையில் தூசு படியத் தொடங்கும்.

எனவே ஆசிரியர்கள் ஒரு கொடையை ஏற்கும்போது கணினிகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டல் போதாது. அவற்றில் தமிழ் இயங்குமா, பழுது நீக்கப் பள்ளியிலேயே ஒருவர் உளரா என்றும் கேட்டல் வேண்டும். மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டு. மொழிபெயர்க்கப்படாத பட்டிச் சொற்கள் இன்னும் பல. ஒரு வகுப்பு அமர்ந்து, பொருத்தமான சொல்லை வாதிட்டுத் தேர்ந்து திட்டத்திற்கு அனுப்பினால், அச்சொல் அடுத்த பதிப்பில் உலகத் தமிழர் திரைகளில் தோன்றலாம்.